இணையக் கடைக்கு எந்தப் பணவழி? நெசவு ஊர்ச் சிறு வணிகர் பார்க்க வேண்டிய கணக்கு

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கில் ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள ஆர்.கே.பேட்டையும், அதற்கு அண்மையிலுள்ள அம்மையார்குப்பமும் பொதட்டூர்பேட்டையும் தறியை நம்பி வாழும் ஊர்கள். இவ்வூர்த் துணியை இடைத்தரகரின்றிச் சொந்த இணையதளத்தில் விற்க முற்படும் சிறு உற்பத்தியாளர், வாடிக்கையாளரின் பணத்தை எவ்வழியில் பெறுவது என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும். கட்டணம் குறைந்த வழியே நல்ல வழி என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், வந்த பணம் எந்த ஆர்டருக்கு உரியது என்பதை ஐயமின்றிக் காட்டும் வழியே வணிகத்தைக் காக்கும்.

நேரடி யுபிஐ

என்பிசிஐ நிறுவனம் 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய யுபிஐ, ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு நொடிகளில் பணம் செல்ல வழிசெய்கிறது. ஒவ்வொரு விற்பனைக்கும் வணிகரிடம் பிடிக்கப்படும் கழிவுத்தொகைக்கு எம்டிஆர் என்று பெயர். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் அது பூஜ்ஜியமாக்கப்பட்டது. ஆகவே, நாளுக்கு நான்கைந்து ஆர்டர் மட்டும் வரும் புதிய கடைக்கு, வங்கியிடம் வணிகர் கணக்காகப் பெற்ற க்யூஆர் குறியீடே போதுமானது.

இதன் குறை, பணம் வந்ததை மனிதரே சரிபார்க்க வேண்டியிருப்பதாகும். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகத் தயாரிப்பது எளிது என்பதால், வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பின்னரே பொட்டலம் கட்டப்பட வேண்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணைப் பதிவிடத் தேவையே இல்லை. அவ்வாறு பதிவிடச் சொல்பவர் எவராயினும் அவர் ஏமாற்றுகிறார் என்றே கொள்ள வேண்டும்.

பேமென்ட் அக்ரிகேட்டர்

ஆர்டர் பெருகும்போது ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு போன்ற பேமென்ட் அக்ரிகேட்டர்களின் துணை தேவைப்படுகிறது. யுபிஐ, அட்டை, நெட்பேங்கிங் என எல்லா வழிகளிலும் வரும் பணத்தை வணிகருக்காகப் பெற்று, கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, அவரது கணக்கில் சேர்ப்பது இவற்றின் பணி. வணிகரின் பணத்தை வங்கியில் எஸ்க்ரோ என்னும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் நெறிமுறை வகுத்தது. எனவே ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனம்தானா என்று பார்ப்பது முதல் கடமையாகும்.

செலவை ஒரு சேலையின் விலையைக் கொண்டு கணக்கிடலாம். ரூ.1,200 விலையுள்ள சேலைக்கு அட்டை வழியே பணம் செலுத்தப்பட்டு, கட்டணம் 2 சதவீதம் எனில் ரூ.24 கழிந்து ரூ.1,176 கைக்கு வரும். யுபிஐக்கு எம்டிஆர் இல்லாவிட்டாலும், சேவைக் கட்டணம் என்ற பெயரில் தொகை பிடிக்கப்படுமா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இக்கட்டணத்துக்கு ஈடாகக் கிடைப்பது தெளிவு. வாடிக்கையாளர் பணம் செலுத்தியவுடன் இணைப்பு அறுந்து, அவரது திரை கடையின் பக்கத்துக்குத் திரும்பாமல் போகலாம். அப்போதும் வெப்ஹுக் எனப்படும் தானியங்கி அறிவிப்பு அக்ரிகேட்டரிடமிருந்து கடையின் சர்வருக்கு நேராகச் சென்று, குறிப்பிட்ட ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டதைப் பதிவுசெய்கிறது. யுபிஐயில் வாடிக்கையாளர் கணக்கில் கழிந்த பணம் வணிகருக்கு உறுதியாகாவிட்டால், அது ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்றும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு தரப்பட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. மேலும், 2022 அக்டோபர் முதல் கடைகள் அட்டை எண்ணைச் சேமித்துவைக்க அனுமதியில்லை. அதற்குப் பதிலாக டோக்கன் என்னும் மாற்று எண் பயன்படுவதால், அந்தப் பாதுகாப்புச் சுமையும் சிறு வணிகரின் தோளில் ஏறுவதில்லை.

பொருள் கைசேர்ந்த பின் பணம் தரும் கேஷ் ஆன் டெலிவரி முறை புதிய வாடிக்கையாளரின் தயக்கத்தைப் போக்கும் என்றாலும், பொட்டலம் மறுக்கப்பட்டால் போய்வரும் இரு கூரியர் செலவும் விற்பவர் தலையில் விழும்; அதை அருகிலுள்ள ஊர்களுக்கும் குறைந்த தொகைக்கும் மட்டும் வரையறுப்பது நலம்.

முடிவு எடுக்கும் முறை

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: ஒவ்வொரு வழிக்குமான கட்டணம், பணம் கணக்கில் சேரும் நாள், சேலை திருப்பி அனுப்பப்பட்டால் பிடித்த கட்டணம் திரும்புமா என்பது, வாடிக்கையாளர் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கோரும் சார்ஜ்பேக் நேரும்போது காட்ட வேண்டிய ஆதாரம். இவற்றுள் இரண்டாவது நெசவுத் தொழிலுக்கு இன்றியமையாதது. ஏனெனில் நூல் வாங்கிய கடனும் வாரக் கூலியும் காத்திருப்பதில்லை. வங்கிக் குறுஞ்செய்திகளை ஆர்டர் பட்டியலுடன் ஒப்பிட்டு முடிக்க ஒவ்வொரு மாலையும் நெடுநேரம் கழிகிறது என்ற நிலை வரும்போது க்யூஆரிலிருந்து அக்ரிகேட்டருக்கு மாறுவதே தக்கது. அப்போது ஒரு சேலைக்குக் கழியும் ரூ.24 செலவன்று, தறியில் செலவிட வேண்டிய நேரத்தை மீட்டுத்தரும் விலை.