ஆளில்லா நிலையத்துக்கு யார் பொறுப்பு?

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் கியூ ஷிராதாகி என்றொரு சின்னஞ்சிறு ரயில் நிலையம் இருந்தது. அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஒரு நிலையத்தை மூடாமல் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி 2016 தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பரவி, படித்தவர்களை நெகிழவைத்தது. அந்த ஆண்டு மார்ச் 26 அன்று கியூ ஷிராதாகி மூடப்பட்டது. கமி ஷிராதாகி, ஷிமோ ஷிராதாகி நிலையங்களும் அன்றே மூடப்பட்டன. ஹொக்கைடோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் முதன்முதலில் ஓடியதும் அதே நாளில்தான். கருணையால் பிழைத்த நிலையம் என்று நம்ப நமக்கு ஆசைதான். ஆனால் ஒரு குக்கிராம நிலையம் பிழைப்பதும் சாவதும், அதன் பராமரிப்புச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

ஜப்பானின் ரயில் நிலையங்களில் ஏறக்குறைய பாதியில் ஊழியர் கிடையாது. ஆனாலும் வேலை நடக்கிறது. பயணி பின்கதவு வழியாக ஏறுகிறார். அங்குள்ள இயந்திரம் எண் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றைத் தருகிறது. ஓட்டுநரின் தலைக்கு மேலே உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் தெரியும், ஊர் தாண்டத் தாண்ட அது ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது சீட்டையும் சில்லறையையும் ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட்டு முன்கதவால் இறங்க வேண்டும். ஹொக்கைடோவில் சில இடங்களில் நிலையக் கட்டடமே பழைய சரக்கு ரயிலின் கார்டு பெட்டிதான். சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நடைமேடை ஓரம் வைத்துக் காத்திருப்பு அறையாக்கியிருக்கிறார்கள். இந்தச் சிக்கனம் இல்லையென்றால் பல நிலையங்கள் என்றோ போயிருக்கும்.

நாலு பேருக்காக எதற்கு ரயில், பேருந்து விட்டால் போதாதா என்று கேட்கலாம். சில ஊர்களுக்குப் போதும்தான். ஆனால் கிராமத்துச் சாலை லாபம் தருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. தண்டவாளத்திடம் மட்டும் கேட்கிறோம். மேலும், இந்த நஷ்டம் தானாக வந்ததல்ல. 1987இல் தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனியார்மயமாக்கியபோது, அப்போது உருவான ஹொக்கைடோ ரயில் நிறுவனம் நஷ்டத்தை ஈடுகட்டிக்கொள்ள ஒரு நிதியை ஒதுக்கி, அதன் வட்டியில் காலம் தள்ளச் சொன்னது அரசு. வட்டி விகிதம் சரிந்தது, கணக்கும் சரிந்தது. தன் வழித்தடங்களில் பாதியைத் தனித்துக் காப்பாற்ற முடியாது என்று 2016இல் அந்த நிறுவனமே அறிவித்தது.

ஆளில்லாமை மாற்றுத்திறனாளிகளை வெளியே நிறுத்துகிறது என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது, நியாயமானதும்கூட. தெற்கே ஒய்டாவில் சக்கர நாற்காலியில் செல்வோர் 2020இல் அப்பகுதி ரயில் நிறுவனத்தின் மீது வழக்கே தொடுத்தார்கள். ஆனால் நிலையத்தை மூடிவிட்டால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? உதவிக்கு ஆளை அனுப்பப் பணம் ஒதுக்குவதே இதற்குப் பதில்.

சுரங்கப்பாதைகளுக்கு நடுவே, கார் போக வழியில்லாத கொபோரோ நிலையத்தை டொயோரா என்ற சிறிய ஊராட்சி தன் செலவில் காப்பாற்றுகிறது. நாட்டின் வடகோடி ஆளில்லா நிலையமாக இருந்த பக்காயையும் வக்கனாய் நகரம் 2021 முதல் அப்படித்தான் சுமந்தது. 2025 மார்ச்சில் அந்த நிலையம் மூடப்பட்டது. மக்கள்தொகை தேய்ந்துவரும் ஊர்களின் தலையில் இந்தச் செலவைக் கட்டுவது அநியாயம். 1987இல் கணக்கைப் பிரித்துக் கொடுத்த மத்திய அரசுதான் இதை ஏற்க வேண்டும்.