பிலிப்பைன்ஸ் நாட்டு வாழைப்பழப் பலகாரங்கள்

லயத்து வீட்டுக் கொல்லையில் வாழைத்தார் பழுத்தால் எல்லாச் சீப்பும் சேர்ந்தாற்போல்தான் பழுக்கும். பிள்ளைகள் தின்றது போக, அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தது போக, மிச்சம் கறுத்துக் குப்பைக் குழிக்குப் போவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பீசாங் கோரெங் நமக்குத் தெரியும். பிலிப்பைன்ஸ் நாட்டில் வாழைப்பழத்தை வேறு விதமாகப் பொரிக்கிறார்கள். அதை இன்று பார்ப்போம்.

அங்கே மாலைச் சிற்றுண்டிக்கு மெரியெண்டா என்று பெயர். 1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியர் விட்டுச் சென்ற சொல் அது. தெருவோரத்தில் பழத்தைப் பொரித்து, சீனிப்பாகு ஏற்றி, மூங்கில் குச்சியில் குத்தி விற்பார்கள். இதுதான் பனானா கியூ. மாவே கிடையாது.

இதற்குச் சாபா என்னும் தடித்த பழம்தான் ஏற்றது. நம் சந்தையில் பீசாங் நிப்பா என்று விற்பது இந்த இனமே. பீசாங் மாஸ் சட்டியில் குழைந்துவிடும். பழம் மஞ்சளாகியிருக்க வேண்டும். அமுக்கினால் கெட்டியாகவும் இருக்க வேண்டும்.

ஆறு பழத்துக்கு அரைக் கோப்பை பழுப்புச் சீனி போதும். உரித்த பழத்தை ஈரமில்லாமல் துடைத்து, நடுத்தரத் தீயில் இளம்பொன்னிறமாகும்வரை பொரிக்க வேண்டும். பிறகு சீனியைப் பழத்தின்மேல் தூவ வேண்டும். சீனி தண்ணீரில் கரையும். எண்ணெயில் கரையாது, உருகும். உருகியது பழத்தில் ஒட்டிக்கொள்ளும். சூட்சுமம் இவ்வளவுதான். கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்து, தேன் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், கறுத்தால் கசக்கும். காகிதத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் எண்ணெய் தடவிய தட்டில் வைப்போம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உருகிய சீனி கொதிநீரைவிட மிகச் சூடானது. தோலில் பட்டால் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டே சுடும். சிறு பிள்ளைகளை அடுப்பருகே விடவே கூடாது. தப்பித்தவறிப் பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். கிச்சாப்பு ஊற்றுவதும் பற்பசை தடவுவதும் நம்மிடையே உள்ள பழக்கம், இரண்டும் கெடுதலே. கொப்புளம் பெரிதானால் மருந்தகத்துக்குப் போய்விட வேண்டும்.

துரோன் என்பது இன்னொரு வகை. பழத்தை நீளவாக்கில் பிளந்து, சீனியில் புரட்டி, ஒரு கீற்றுப் பலாச்சுளையோடு போப்பியா தோலில் சுருட்டிப் பொரிப்பது. பலாவின் மணம்தான் இதற்கு உயிர். பலா இல்லாத நாளில் செய்வது அரைத் துரோன் என்போம்.

இவ்வளவு சீனி அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? நெக்ரோஸ் தீவு முழுக்கக் கரும்புத் தோட்டங்கள். ஒரு வெட்டு முடிந்து அடுத்த வெட்டு வரும்வரை கூலி இல்லாத மாதங்களை அங்குள்ளவர்கள் 'செத்த காலம்' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் அழைப்பார்கள். 1980களின் நடுவில் உலகச் சந்தையில் சீனி விலை விழுந்தபோது அத்தீவின் தோட்டக் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. ரப்பர் விலை விழுந்த நாட்களை நம் பெரியவர்களிடம் கேட்டால் இதன் பொருள் விளங்கும்.

கனிந்து கறுத்த பழத்தை எறிய வேண்டாம். கினத்தான் என்ற தேங்காய்ப்பால் கஞ்சிக்கு அது போதும்; நம் ஊர் பெங்காட்டுக்கு இது உறவுமுறை. சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் ஜவ்வரிசியையும் இரண்டாம் பாலில் வேகவிட்டு, பழத்துண்டுகளைக் கடைசியில் சேர்க்க வேண்டும். அடுப்பை அணைக்கும் முன் கெட்டியான முதல் பாலை ஊற்ற வேண்டும். அதைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். கனிந்த பழமே இனிப்பதால் சீனி ஒரு கரண்டி போதும். இனிப்புநீர் உள்ள பெரியவர்களுக்குச் சீனி சேர்க்குமுன் சிறு கிண்ணத்தில் கொஞ்சமாக எடுத்து வைத்துவிடலாம்.