‘ஃபுட்’ பன்மையில் ஏன் ‘ஃபீட்’ ஆனது?

தேம்ஸ் நதியில் காற்றில்லாமல் ஒரு கப்பல் நின்றுவிட்டது. கரையிறங்கிய வணிகர் ஒருவர், ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கிடைக்குமா என்று கேட்டார். “எனக்கு பிரெஞ்சு தெரியாது” என்றாள் வீட்டுக்காரி. வணிகருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது. இன்னொருவர் ‘எய்ரென்’ என்று கேட்ட பிறகே, முட்டை கேட்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன், 1490-ல் ‘எனிடோஸ்’ நூலின் முன்னுரையில் பதிவு செய்த சம்பவம் இது.

ஒரே பொருளுக்கு இரண்டு பன்மைகள்; இரண்டுமே ஆங்கிலம். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாக இருந்தன. வகுப்புக்கொரு பன்மை விகுதி. காலப்போக்கில் ‘ஸ்’ விகுதி மற்றவற்றை ஓரங்கட்டியது. தப்பிப் பிழைத்தவற்றைத்தான் இன்று ‘விதிவிலக்கு’ என்கிறோம். ‘எய்ரென்’ சொல்லில் இருந்த ‘என்’ விகுதி ‘ஆக்ஸன்’ சொல்லில் இன்னும் இருக்கிறது. ‘சில்ட்ரன்’ சொல்லிலோ பழைய ‘ர’கரப் பன்மையின் மேல் ‘என்’னும் ஏறி, இரட்டைப் பன்மையாக நிற்கிறது.

‘ஃபுட் – ஃபீட்’ கதை இன்னும் பழையது. அந்தச் சொல்லின் ஆதி வடிவத்தில் பன்மை விகுதி இகரத்தில் தொடங்கியது. வரப்போகும் இகரத்துக்கு நாக்கு முன்கூட்டியே தயாரானதால், முன்னிருந்த ஓகாரம் ஏகாரமானது. பிறகு விகுதி தேய்ந்து மறைந்தது. மாறிய உயிர் மட்டும் தங்கியது. சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்களின் உச்சரிப்பே இடம்பெயர்ந்தபோது, ‘ஃபேட்’ என ஒலித்தது ‘ஃபீட்’ ஆயிற்று. ‘டீத்’, ‘கீஸ்’, ‘மைஸ்’ எல்லாம் இதே குடும்பம்தான். ‘புக்’ சொல்லுக்கும் ஒரு காலத்தில் ‘பேச்’ என்ற பன்மை இருந்தது, அது வழக்கொழிந்தது.

‘நைஃப் – நைவ்ஸ்’ நமக்குப் பழக்கமான சங்கதி. ‘பழம்’ சொல்லில் வரும் பகரமும் ‘மரபு’ சொல்லில் வரும் பகரமும் ஒன்றுபோலவா ஒலிக்கின்றன? பழைய ஆங்கிலத்தின் ‘எஃப்’ எழுத்தும் அப்படித்தான்: உயிர்களுக்கு நடுவே வந்தால் ‘வி’ போல ஒலித்தது. பின்னாளில் எழுத்தையும் மாற்றிக்கொண்டார்கள்.

நம் மாணவர்களை அதிகம் தடுமாறவைப்பது ‘வுமன்’. பன்மையில் எழுத்து மாறுவது இரண்டாம் அசையில். காதில் விழும் பெரிய மாற்றமோ முதல் அசையில்: ‘விமின்’. மூலச்சொல் ‘வீஃப்மன்’. ஒருமையில் முன்னிருந்த வகர ஒலி இகரத்தை உகரமாகக் குவித்துவிட்டது. பன்மையில் இகரம் பிழைத்தது.

1958-ல் ஜீன் பெர்க்கோ என்ற மொழியியலாளர் குழந்தைகளிடம் ஒரு கற்பனைப் பிராணியின் படத்தைக் காட்டி, இது ‘வக்’ என்றார். இரண்டு இருந்தால்? கேட்டே இராத அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலான குழந்தைகள் ‘வக்ஸ்’ என்றனர். விதி அவர்கள் மனதில் ஏறியிருந்தது. ‘ஃபுட்ஸ்’ என்று எழுதும் நம் பிள்ளையும் விதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைதான்.

சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன் ஆசிரியர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். விதிவிலக்குகளின் அகரவரிசைப் பட்டியலை உருப்போடச் சொல்லாமல், ‘ஃபீட், டீத், கீஸ்’ ஒரு வரிசை, ‘நைவ்ஸ், வைவ்ஸ், லீவ்ஸ்’ ஒரு வரிசை என்று கரும்பலகையில் பிரித்து எழுதி, காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தின் மேல் பயம் குறையும்.