பிரித்தானிய வேலை விசா: பெறுவதும் காப்பாற்றிக்கொள்வதும்

போர் முடிந்து பல ஆண்டுகள் கடந்தும் வடக்கு, கிழக்கிலிருந்து வெளிநாடு செல்லும் பயணம் நிற்கவில்லை. முன்னர் புகலிடம் கோரிச் சென்ற பாதையில் இன்று பலர் வேலை விசாவை நம்பிச் செல்கின்றனர். காணியை விற்றும் நகையை அடகு வைத்தும் முகவரிடம் பணம் கட்டுகின்றனர். குடும்பத்தின் கடைசிச் சொத்தே பணயமாக வைக்கப்படும்போது, விசாவின் விதிகளை முகவரின் வாய்வார்த்தையிலிருந்து மட்டும் அறிந்துகொள்வது ஆபத்தானது.

பிரித்தானியாவின் திறன்சார் பணியாளர் விசா 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்த விசா தொழில்தருநர் ஒருவரோடு கட்டப்பட்டது. உள்துறை அமைச்சின் அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனம் மட்டுமே வெளிநாட்டவரை அழைக்க முடியும். அந்த நிறுவனம் வழங்கும் அனுசரணைச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. பெயர் சான்றிதழ் என்றாலும், அது இலக்கமிடப்பட்ட ஒரு கணினிப் பதிவேயாகும். அதில் எழுதப்பட்ட வேலை, சம்பளம், பணியிடம் ஆகியவற்றுக்கு மட்டுமே விசா கிடைக்கிறது.

மாறிவிட்ட விதிகள்

2022 பெப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்குக் கதவு திறக்கப்பட்டது. நம்மவர்கள் பலர் சென்றதும் இந்த வழியாகத்தான். 2024 மார்ச் 11 முதல் அவர்கள் துணைவரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வது தடுக்கப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுப்பதே நிறுத்தப்பட்டது. ஆகவே, "கெயார் விசா எடுத்துத் தருகிறோம்" என்று இன்று இலங்கையில் எவராவது பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை.

அதே நாளில் ஏனைய தொழில்களுக்கான வாசலும் உயர்ந்தது. பொதுவாகப் பட்டதாரித் தரத்திலான தொழில்களுக்கே இப்போது விசா கிடைக்கிறது. பொதுச் சம்பள எல்லை ஆண்டுக்கு 41,700 பவுண். குறித்த தொழிலுக்கான நிர்ணயச் சம்பளம் இதைவிட அதிகமானால் அதுவே கணக்கில் எடுக்கப்படும். தாதியர், மருத்துவர் போன்ற தேசிய சம்பளத் திட்டத்துக்குட்பட்டவர்களுக்கு வேறு வரையறை உண்டு. 2026 ஜனவரி 8 முதல் ஆங்கிலத் தகைமையும் பி2 மட்டத்துக்கு உயர்த்தப்பட்டுள்ளது.

பணம் எங்கே போகிறது?

விசாக் கட்டணமும் சுகாதார மேலதிகக் கட்டணமும் விண்ணப்பதாரர் கட்ட வேண்டியவை. சுகாதாரக் கட்டணம் வயது வந்தவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண். ஐந்தாண்டு விசாவுக்கு 5,175 பவுணை முன்கூட்டியே செலுத்த வேண்டும். சுகாதார, பராமரிப்புப் பணி விசாவுக்கு இக்கட்டணம் இல்லை. இலங்கையர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் சமர்ப்பிக்க வேண்டும்.

ஆனால் அனுசரணைச் சான்றிதழுக்கான கட்டணமும் திறன் வரியும் தொழில்தருநரின் செலவு. அவற்றைப் பணியாளரிடம் அறவிட அனுமதியில்லை. "சான்றிதழின் விலை" என்று இலட்சங்களைக் கேட்பவரிடமிருந்து விலகுங்கள். அனுமதிபெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். இலங்கையிலுள்ள முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றவரா என்பதையும் உறுதிசெய்யுங்கள். கொடுக்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.

விசாவைக் காப்பாற்றுவது

விமானம் ஏறியதும் கவலை முடிந்துவிடுவதில்லை. வேலையை விட்டாலோ வேலையிலிருந்து நீக்கப்பட்டாலோ தொழில்தருநர் அதை அமைச்சுக்கு அறிவித்தாக வேண்டும். பின்னர் அமைச்சு விசாவைச் சுருக்கி, வழக்கமாக 60 நாட்கள் அவகாசம் கொடுக்கும். நிறுவனத்தின் அனுமதி இரத்தானால், தவறேதும் செய்யாத பணியாளருக்கும் இதே நிலைதான். அதற்குள் வேறு அனுசரணையாளரைக் கண்டுபிடித்து விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

கடிதம் கவனிக்கப்படாமல் போனால் அந்த 60 நாட்களும் வீணாகும். எனவே முகவரியையும் மின்னஞ்சலையும் இணையவழி விசாக் கணக்கில் உடனுக்குடன் புதுப்பித்து வைத்திருங்கள். கடவுச்சொல்லை முகவரிடமோ முதலாளியிடமோ விட்டுவைக்காதீர்கள்.

வேலை மாறுவதென்றால் புதிய விசா கிடைத்த பின்னரே புதிய வேலையைத் தொடங்கலாம். மேலதிக வேலைக்கு வாரம் 20 மணித்தியாலம் என்ற எல்லையும், எந்த வேலை என்பதற்கான கட்டுப்பாடும் உண்டு. கையில் காசு வாங்கிக் கடையில் நிற்பது விசாவையே இல்லாமற் செய்துவிடும். வருடத்தில் நான்கு வாரங்களுக்கு மேல் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தாலும், மகப்பேறு, நோய் போன்ற விதிவிலக்குகள் தவிர, அனுசரணை நிறுத்தப்படலாம்.

நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்தாண்டுகள் என்பதே நீண்டகால விதி. அதைப் பத்தாண்டுகளாகவும், பராமரிப்புப் பணி போன்றவற்றுக்கு இன்னும் அதிகமாகவும் நீட்டும் யோசனையை அரசு 2025இல் முன்வைத்தது. எந்த 12 மாத காலத்திலும் 180 நாட்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருப்பதும் வதிவிடத்தைப் பாதிக்கும். ஊருக்கு வரும் ஒவ்வொரு தடவையும் திகதிகளைக் குறித்து வையுங்கள்.

சம்பளச் சிட்டை, ஒப்பந்தம், வங்கிக் கூற்று, முதலாளியுடனான செய்திகள் அனைத்தையும் பிரதி எடுத்துச் சேமியுங்கள். சொன்ன வேலையோ சம்பளமோ கிடைக்காவிட்டால் உங்கள் பக்கத்தில் நிற்கப்போகும் சாட்சி இவைதான். ஆலோசனை தேவைப்பட்டால் சட்டத்தரணியிடமோ, குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவுசெய்தவரிடமோ மட்டும் செல்லுங்கள். 60 நாட்களில் முதல் வாரத்திலேயே செல்லுங்கள். கடைசி வாரத்தில் எந்தச் சட்டத்தரணியாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.