நில ஏடுகளும் புல எண்ணும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த வடகரப்பதியில் ஒரு துண்டு நிலம் கைமாறினால், மூன்று துறைகளின் ஏடுகள் மாற வேண்டும்: பதிவுத் துறையின் பத்திரம், வருவாய்த் துறையின் வரிக்கணக்கு, நில அளவைத் துறையின் வரைபடம். கேரளத்தில் இவை ‘பேர்ள்’, ‘ரெலிஸ்’, ‘இ-மாப்ஸ்’ எனத் தனித்தனிக் கணிப்பொறித் தொகுப்புகளாகவே வளர்ந்தன. மூன்றையும் இணைக்கும் ‘என்டெ பூமி’ தளம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது.

இணைப்பில் கணிப்பொறியைக் காட்டிலும் புல எண்ணே பெரிய சிக்கல். மறு அளவையில் அது மாறிவிடுகிறது. பாட்டன் காலத்துப் பத்திரமோ பழைய எண்ணையே காட்டும். ஏடுகளைப் புதிய எண்ணின்படி அடுக்கிவிட்டு, பழைய எண்ணைக் கொண்டு தேடும் சுட்டுப்பட்டியலைக் கைவிட்டால், உழவரின் உரிமை ஏட்டில் இருந்தும் கண்ணுக்கு அகப்படாது. பழைய எண் ஒன்று புதிதாக இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்திருக்கவும் கூடும். ஆதலின் இரண்டையும் பொருத்திக் காட்டும் ஒப்புப் பட்டியலும் நிலையான ஏடாகவே சேமிக்கப்படல் வேண்டும்.