பனியனில் ஏறும் படம்: கோப்பு வடிவம் மாற்றும்போது நடப்பது

பனியனின் மார்பில் அச்சாகும் படம், துணியைத் தொடும் முன்பே பல கோப்புகளாக உருமாறிவிடுகிறது. ஆடைகளுக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டுப் பையரின் வடிவமைப்பாளர் அதைக் கணினியில் வரைந்து பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறார். திருப்பூரில் இருக்கும் மெர்ச்சண்டைசர் அதை ஜேபெக் படமாக்கி வாட்ஸ்அப்பில் பிரிண்டிங் பட்டறைக்கு அனுப்புகிறார். பட்டறையில் அதைக் கோரல்டிரா மென்பொருளில் திறந்து, நிறம் நிறமாகப் பிரித்து ஃபிலிம் எடுக்கிறார்கள். அதே சின்னம் தையலாக வர வேண்டுமானால் எம்ப்ராய்டரி இயந்திரத்துக்கு டிஎஸ்டி கோப்பு தேவை. காதர்பேட்டை போன்ற உள்ளூர்ச் சந்தைக்கோ, கல்லூரி விழாவுக்கோ, திருவிழாவுக்கோ பனியன் அடிப்பவர்களிடம் படம் பெரும்பாலும் கைபேசியிலிருந்தே வருகிறது. இந்த மாற்றங்களை இலவசமாகச் செய்துதரும் இணையதளங்கள் ஏராளம். படத்தை ஏற்றி, வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, இறக்கிக்கொண்டால் போதும். இடையில் படத்துக்கு என்ன ஆனது என்பது திரையில் தெரிவதில்லை, அச்சில் தெரிகிறது.

கணினிப் படங்கள் இரண்டு வகை. ஒன்று புள்ளிப் படம்: வரைபடத் தாளின் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டியதுபோல, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் பதிவாகியிருக்கும். ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், வெப்பி எல்லாம் இந்த வகை. மற்றொன்று வெக்டார் எனப்படும் கோட்டுப் படம். அதில் கட்டங்கள் இல்லை. இங்கிருந்து அங்குவரை இப்படி வளைந்த கோடு, அதற்குள் இந்த நிறம் என்ற குறிப்புகளே உண்டு. எஸ்விஜி, இபிஎஸ், சிடிஆர் ஆகியவை இந்த வகை. கோட்டுப் படத்தைக் குழந்தைச் சட்டை அளவுக்கும் சுவரொட்டி அளவுக்கும் ஒரே கூர்மையோடு பெருக்கலாம். புள்ளிப் படத்துக்கு எல்லை உண்டு. 30 செ.மீ. அகல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டுமென்றால், படம் சுமார் 3,540 புள்ளிகள் அகலம் இருக்க வேண்டும். 1,200 புள்ளிகளே உள்ள படத்தை அந்த அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 100 புள்ளிகள்தான் கிடைக்கும். எழுத்தின் விளிம்பு படிக்கட்டாகிவிடும்.

ஜேபெக்கின் உள்வேலையைப் புரிந்துகொண்டால் பட்டறையில் எழும் பாதிச் சிக்கல்களின் காரணம் விளங்கும். 3,540-க்கு 3,540 புள்ளிகள் கொண்ட வண்ணப் படத்தைச் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 37 மெகாபைட் இடம் பிடிக்கும். ஜேபெக் அதைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிடும். இதற்கு அடிப்படையான கணித முறையை 1974-இல் வெளியிட்ட மூவரும் இந்திய வம்சாவளியினர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவரோடு டி. நடராஜன், கே. ஆர். ராவ். தகவல் தொழில்நுட்ப வரலாற்றில் இந்தப் பெயர்கள் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியவை. 1992-இல் வந்த ஜேபெக் தரநிலை அந்த முறையின்மீது நிற்கிறது. படம் 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு சதுரத்திலும் நிதானமான ஏற்ற இறக்கம் எவ்வளவு, பொடிப்பொடியான மாற்றம் எவ்வளவு என்று கணக்கிட்டு, கண்ணுக்கு எளிதில் தென்படாத பொடி மாற்றங்கள் கழிக்கப்படுகின்றன. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைப் பார்க்கும் அளவுக்கு நிற வேறுபாட்டை நுட்பமாகப் பார்ப்பதில்லை. அதனால் நிறத் தகவல் இன்னும் தாராளமாகக் குறைக்கப்படுகிறது.

முகம், மலர், வானம் போன்ற புகைப்படங்களுக்கு இது அருமையான ஏற்பாடு. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் கதை வேறு. கூரான விளிம்பு என்பதே பொடி மாற்றங்களால் ஆனது, கழிக்கப்படுவதும் அதுதான். விளிம்பைச் சுற்றி மங்கிய சிவப்பும் அழுக்கு வெள்ளையுமாக நூற்றுக்கணக்கான இடைநிறங்கள் பிறக்கின்றன. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஃபிலிம், ஒரு ஸ்கிரீன். எமல்ஷன் பூசிய ஸ்கிரீனின் மேல் ஃபிலிமை வைத்து ஒளி காட்டும்போது, கருப்பு படியாத இடம் இறுகிவிடும். கருப்பு மறைத்த இடம் நீரில் கழன்று மை இறங்கும் வழியாகும். இடைநிறங்கள் நிறைந்த கோப்பிலிருந்து எடுத்த ஃபிலிமில் ஓரமெல்லாம் தூசிபோலப் புள்ளிகள் விழும். அவையும் மை இறங்கும் வழிகளே. திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஜேபெக் மீண்டும் சுருக்குவதால், நான்கு கை மாறிய படம் முதற்படத்தைவிடக் கெட்டிருப்பது இயல்பு.

அந்தப் படத்தைப் பிஎன்ஜி ஆக்கினால் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பிஎன்ஜி எதையும் கழிக்காமல் சுருக்கும் வடிவம் என்பது உண்மை. 1987-இல் வந்த ஜிஃப் வடிவத்தின் சுருக்கும் முறைக்குக் காப்புரிமைச் சிக்கல் எழுந்ததால், அதற்கு மாற்றாக உருவாகி 1996-இல் தரநிலையானது அது. ஆனால் ஜேபெக் ஏற்கெனவே கழித்துவிட்டதைப் பிஎன்ஜி எங்கிருந்து கொண்டுவரும்? கறை படிந்த விளிம்பைக் கறையோடு பத்திரப்படுத்துவதுதான் அதனால் முடியும். கோப்பின் அளவு மட்டும் பெருகும்.

தலைகீழ் மாற்றம் இன்னும் ஆபத்தானது. பிஎன்ஜியில் ஒரு புள்ளியை முழுக்க ஒளி ஊடுருவும் நிலையில் வைக்க முடியும். ஜேபெக்கில் அந்த வசதியே இல்லை. பின்னணி நீக்கிய சின்னத்தை ஜேபெக்காக மாற்றினால், காலியிடம் வெள்ளையாகவோ கருப்பாகவோ நிரப்பப்படும். வெள்ளைத் திரையில் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. படத்தை ஃபிலிமில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் டிடிஎஃப் முறையின் இயந்திரமோ கருப்புப் பனியனுக்கான படத்தில் வெள்ளையையும் மையாகவே கணக்கிடும். சின்னத்தைச் சுற்றி ஒரு வெள்ளைச் சதுரமும் அச்சாகி வரும்.

ஐபோனிலிருந்து 2017 முதல் வரும் ஹெய்க் படங்களும், கூகுள் 2010-இல் அறிமுகப்படுத்திய வெப்பி படங்களும் பழைய மென்பொருளில் திறக்காமல் அடம்பிடிப்பவை. இவற்றுக்கு மாற்றுத் தளங்கள் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் திருத்தினால் வடிவம் மாறாது. கோப்பின் முதல் சில பைட்டுகளிலேயே அது எந்த வகை என்ற அடையாளம் இருக்கிறது. ஜேபெக் என்றால் 255, 216 என்ற எண்களில்தான் தொடங்கும்.

புள்ளிப் படத்தைக் கோட்டுப் படமாக்கித் தருவதாகச் சொல்லும் தளங்களில் இரண்டு விதம் உண்டு. சில, ஜேபெக்கை அப்படியே எஸ்விஜி உறைக்குள் போட்டுத் தந்துவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே பழைய கட்டங்களே இருக்கும். வேறு சில, விளிம்புகளைத் தேடிக் கோடுகளாக வரையும். இரண்டு, மூன்று நிறச் சின்னங்களுக்கு இது ஓரளவு பயன்படும். நுண்ணிய தமிழ் எழுத்துகளின் சுழிகளைப் பெரும்பாலும் சிதைத்துவிடும். அனுபவமுள்ள ஆர்ட்டிஸ்ட் கையால் மறுபடி வரைவதே அங்கே விரைவான வழி.

டிஎஸ்டி விஷயத்தில் மாற்றம் என்ற சொல்லே பொருந்தாது. ஜப்பானின் தஜிமா நிறுவன இயந்திரங்களோடு பரவிய அந்தக் கோப்பில் படம் கிடையாது. ஊசி அடுத்து எங்கே நகர வேண்டும் என்ற கட்டளைகளே வரிசையாக இருக்கும். அளவு 0.1 மி.மீ. கணக்கில். ஒரே நகர்வில் ஊசி ஒரு திசையில் அதிகபட்சம் 12.1 மி.மீ. போகலாம். நூலின் நிறம்கூட அதில் பதிவாவதில்லை. நிறம் மாற்ற நிறுத்து என்ற கட்டளை மட்டும் உண்டு. அதனால்தான் நூல் எண்கள் தனித்தாளில் வருகின்றன. தையல் எந்தத் திசையில் ஓட வேண்டும், அடித்தையல் எவ்வளவு, பின்னலாடைத் துணி இழுபடும்போது வட்டம் நீள்வட்டமாகாமல் எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதெல்லாம் படத்தைத் தையல் கட்டளைகளாக்கும் பஞ்சிங் வேலையைச் செய்பவரின் கைப்பக்குவம். தானியங்கித் தளம் தரும் டிஎஸ்டியை நேரே உற்பத்தியில் ஓட்டுவது துணியைப் பலிகொடுப்பதற்குச் சமம்.

நிறத்திலும் இழப்பு உண்டு. படத்தோடு வரும் நிறக் குறிப்பை மாற்றுத் தளம் விட்டுவிட்டால், அதே கோப்பு இன்னொரு கணினியில் வேறு சாயலில் தெரியும். பையர் சொல்லும் பான்டோன் நிற எண்ணை ஜேபெக், பிஎன்ஜி படங்களால் ஏந்திச்செல்ல முடியாது. எனவே எண் எழுத்தில் தனியாகப் போக வேண்டும். ஸ்ட்ரைக் ஆஃப் எனப்படும் மாதிரி அச்சுத் துணியில் ஒப்புதலாக வேண்டும்.

இணையத்தில் ஏற்றும் படம் பெரும்பாலும் வேறு யாருடைய கணினிக்கோ போகிறது. கடைக்கு வராத அடுத்த பருவத்து டிசைனும், உரிமம் பெற்ற கார்ட்டூன் உருவமும் பையரின் சொத்து. அவற்றை முகம் தெரியாத தளத்தில் ஏற்றுவது ஆர்டரையே பறிக்கக்கூடிய கவனக்குறைவு. இலவசக் கோப்புமாற்றுத் தளங்கள் என்ற பெயரில் தீநிரல் பரப்புகிறார்கள் என்று அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் கிளை 2025 மார்ச்சில் எச்சரித்தது. கூகுளின் ஸ்குவூஷ் போன்ற சில கருவிகள் படத்தை வெளியே அனுப்பாமல் பிரவுசருக்குள்ளேயே மாற்றுகின்றன. பக்கம் திறந்தபின் இணையத்தைத் துண்டித்தும் மாற்றம் நடந்தால் அது இந்த வகை. கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் இலவசம். வாட்ஸ்அப்பில் படத்தைப் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்தால், பையர் தந்த கோப்பு ஒரு புள்ளியும் குறையாமல் பட்டறைக்குப் போய்ச் சேரும்.