தேர்ச் சக்கரம் வட்டமாகத் தெரிகிறதா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தை டிவியில் பார்க்கும்போது சக்கரத்தைக் கவனியுங்கள். வட்டமாக உருள்கிறதா, முட்டைபோல் படுத்திருக்கிறதா? 192 அடி உயரம், 11 நிலை என்று நிமிர்ந்து நிற்கும் கோபுரம் அகன்று அமுங்கித் தெரிகிறதா? அப்படியென்றால் உங்கள் டிவி படத்தை இழுக்கிறது.

சுந்தரபாண்டியம் ஊரில் பல வீடுகளில் இதைப் பார்க்கிறேன். 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த 14 அங்குல இலவச கலர் டிவியின் திரை 4:3. நான்கு பங்கு அகலம், மூன்று பங்கு உயரம். இன்று சுவரில் மாட்டியிருக்கும் எல்.இ.டி. டிவி 16:9. அதே 4:3 வடிவில் எடுத்த பழைய படத்தை இதில் ஒழுங்காகக் காட்டினால் இடமும் வலமுமாகத் திரையில் கால் பங்கு கறுப்பாக நிற்கும். காசு கொடுத்து வாங்கிய டிவியில் கால்வாசி வீணாகிறதே என்று ரிமோட்டை அழுத்தி நிரப்பிவிடுகிறோம். உயரம் கூடாமல் அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) சிவாஜியின் மிடுக்கு அங்கேயே போயிற்று. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) பத்மினி கை நீட்டும்போது ஒரு நீளம், தூக்கும்போது வேறு நீளம். ஆடியவருக்கும் படம் பிடித்தவருக்கும் இதைவிட அநியாயம் செய்ய முடியாது.

அகலப் படங்களின் கதை வேறு. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்' 1973-இல் வந்தது. சினிமாஸ்கோப்பில் கேமரா லென்ஸ் காட்சியின் அகலத்தைப் பாதியாகச் சுருக்கி பிலிமில் பதிக்கும். தியேட்டர் புரொஜெக்டரின் லென்ஸ் அதைத் திரும்ப விரிக்கும். அகலம் உயரத்தைப்போல ஏறக்குறைய 2.35 மடங்கு. அதனால்தான் 16:9 டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது. ஜூம் போட்டுப் பட்டையை விரட்டினால், பக்கவாட்டில் கிட்டத்தட்ட கால் பங்கு காட்சி வெளியே போய்விடும். ஓரத்தில் நின்று பதில் பேசுகிறவரின் முகமும் அதோடு போகும். பட்டை இருக்கும் இடத்தில் எடுத்தவர் எதையும் வைக்கவில்லை. அதை நிரப்பி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சரிசெய்ய வேண்டிய இடம் இரண்டு. பலரும் டிவி ரிமோட்டோடு நின்றுவிடுகிறார்கள். கேபிள்காரர் மாட்டிய செட்டாப் பாக்ஸுக்கும் தனி செட்டிங் உண்டு. முதலில் அங்கே டிவி வகையை 16:9 என்று வைத்து, படத்தை இழுக்கும் ஏற்பாடு இருந்தால் நிறுத்துங்கள். பிறகு டிவியில் 'பிக்சர் சைஸ்' அல்லது 'ஆஸ்பெக்ட்' செட்டிங்கையும் அதேபோல் வையுங்கள். அப்படியும் பழைய படத்தில் முகம் அகன்றே இருந்தால், சேனலோ பாக்ஸோ இழுத்து அனுப்புகிறது. டிவியை 4:3-க்கு மாற்றினால் முகம் பழைய வடிவுக்கு வந்துவிடும். நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து நடுவில் சின்னதாக சினிமாஸ்கோப் படம் ஓடினால், அங்கே ஜூம் தாராளமாகப் போடலாம். படம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். செய்தி சேனலில் கீழே ஓடும் வரி பாதி வெட்டுப்பட்டால் ஜூம் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

யூடியூப்தான் சங்கடம். பழைய படங்களை ஏற்றுகிறவர்கள் சிலர் இழுத்தே ஏற்றிவிடுகிறார்கள். பல ஸ்மார்ட் டிவிகளில் யூடியூபுக்குள் வடிவத்தை மாற்றவும் வழியில்லை. அந்தப் பதிவோடு மல்லுக்கட்டாமல், அதே படத்தை வேறு யாராவது நேராக ஏற்றியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.